புளோரன்ரைன் என்னும் மஞ்சள் வைரம்

வைரத்திலே மஞ்சள் நிறம் தோன்றுவதைக் குற்றமெனக் கொள்வது மணிவாணிகர் வழக்கு. வெள்ளைக் கல்லின் நீரோட்டத்திற் சிறிது மஞ்சட் சாயல் படிந்திருப்பினும் அதன் விலை இறங்கிவிடும். ஆயின், அம்மஞ்சள் சாயலளவில் நில்லாது எலுமிச்சங்கனியின் நிறமாக முதிர்ந்து கல் முழுவதும் பரந்து நிற்குமாயின், அதுவே கிடைத்தற்கரிய பொருளாகி விலையை உயர்த்துவதும் உண்டு. குறையென்று தள்ளப்படுவதும் சிறப்பென்று போற்றப்படுவதும் ஒரே காரணத்தின் இருவேறு அளவுகளே. உலகிற் பேர்பெற்ற மஞ்சள் வைரங்களுள்ளே நெடிய வரலாறுடையதும், நூறாண்டுக்கு மேலாகத் தொலைந்துபோனதென்று நூல்கள் யாவும் கூறிவந்ததும், 2025ஆம் ஆண்டிலே மீண்டும் வெளிப்பட்டதுமாகிய ஒரு கல் உண்டு. புளோரன்ரைன் என்பது அதன் பெயர். ரஸ்கனிப் பெருவைரம், மஞ்சட்பெருமணி என்றும், ஒஸ்திரிய மஞ்சள் என்றும் அதனை வழங்குவர்.

இதன் நிறை 137.27 கரட்டு. ஒரு கரட்டு 200 மில்லிக்கிராம் ஆதலின் இது ஏறக்குறைய 27.45 கிராம்; ஓர் அவுன்சுக்குச் சற்றே குறைந்தது. நிறம் மெல்லிய பசுமை கலந்த மஞ்சள். உருவத்தில் ஒழுங்கற்ற ஒன்பது பக்கங்களும் நூற்றிருபத்தாறு பட்டைகளும் உடையது. மணிவெட்டுவோர் இதனை இரட்டை உரோசா வெட்டு என்பர். உரோசா வெட்டிலே கல்லின் அடிப்பாகம் தட்டையாக விடப்பட்டு, மேற்பாகம் மாத்திரம் முக்கோணப் பட்டைகளாகக் குவிந்து எழும். இரட்டை உரோசாவிலோ இருபுறமும் அவ்வாறே பட்டைகள் தீட்டப்பட்டிருக்கும். இன்றைய மோதிரக் கற்களின் மேல் காணப்படும் அகன்ற சமதளம் இதற்கு இல்லை. ஒளியை உள்வாங்கி முழுவதையும் மேல்நோக்கித் திருப்பும் திறன் இவ்வெட்டுக்குக் குறைவு. ஆயினும் கல்லின் நிறை அதிகம் விரயமாகாமற் காப்பது இதன் பயன். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நிறையே பெருமையென்று கருதிய அரசவைகளுக்கு இது பொருத்தமாயிருந்தது.

நிறையைப் பற்றிய ஒரு குழப்பம் நெடுங்காலம் நிலவியது. பழைய நூலொன்று 139½ கரட்டு என்கிறது. வேறொன்று 133 கரட்டும் சிறிதும் என்கிறது. இன்றைய நூல்கள் 137.27 என்கின்றன. கல் தேய்ந்ததென்றோ, வேறு கல் மாற்றப்பட்டதென்றோ ஐயுறுவதற்கு இது இடந்தந்தது. உண்மை யாதெனின், கரட்டு என்னும் அளவே ஊருக்கு ஊர் வேறுபட்டது. புளோரன்சு நகரத்துக் கரட்டுச் சிறியது. வியன்னா நகரத்துக் கரட்டுப் பெரியது. 1860களில் ஸ்ரவ் என்னும் வியன்னாக் கனிப்பொருளறிஞர் கல்லை நிறுத்து 133.16 வியன்னாக் கரட்டு எனக் கண்டார். அதனைக் கிராமாக மாற்றினால் 27.45 வரும், புளோரன்சுக் கரட்டாக மாற்றினால் பழைய 139½ ஏறத்தாழ வந்துவிடும். ஆகவே மூன்று எண்களும் ஒரே கல்லையே குறிக்கின்றன. 1907ஆம் ஆண்டிலே மெற்றிக் கரட்டு வரையறுக்கப்பட்டபின் இத்தகைய குழப்பம் படிப்படியாக நீங்கியது.

இவ்வைரத்தின் பிறப்பைப் பற்றி இரு வரலாறுகள் வழங்குகின்றன. முதலாவது பேர்கண்டிக் கோமகன் துணிந்த சாள்சைப் பற்றியது. சாள்சு தன் மணிகளையெல்லாம் போர்க்களத்துக்கும் உடன்கொண்டு செல்லும் இயல்பினன். 1476ஆம் ஆண்டிலே கிரான்சன் என்னுமிடத்திலும் பின்னர் முர்ற்றன் என்னுமிடத்திலும் சுவிற்சலாந்தினரிடம் தோல்வியுற்றான். 1477 ஜனவரியில் நான்சிப் போரிலே மாண்டான். அப்போர்க்களமொன்றிலே கிடந்த மஞ்சட் கல்லைச் சுவிற்சலாந்துப் போர்வீரன் ஒருவன் கண்ணாடித் துண்டென்று கருதி, ஒரு குருவானவருக்கு ஒரேயொரு புளோரின் நாணயத்துக்கு விற்றானென்றும், அது கைம்மாறிக் கைம்மாறி மிலான் கோமகனிடமும் பின்னர் பாப்பரசரிடமும் சென்று, ஈற்றில் மெடிச்சி குலத்தாரை அடைந்ததென்றும் கூறுவர்.

கேட்பதற்கு இனிய கதை இது. அரசன் ஆணவத்தால் இழந்ததை ஏழை அறியாமையால் இழந்தான் என்னும் அமைப்பு எந்நாட்டுக் கதைசொல்லிக்கும் உவப்பானதே. எனினும் ஆராய்வார்க்கு இது நிலைபெறவில்லை. சாள்சு வெட்டித் தீட்டிய கல்லையே அணிந்திருந்தான் என்பது கதை. ஒன்பது பக்கமும் நூற்றிருபத்தாறு பட்டையும் கொண்ட இத்தகைய வெட்டு 15ஆம் நூற்றாண்டின் மணித்தொழிலுக்கு அப்பாற்பட்டது. அன்றியும், வேறு பெருவைரங்கள் சிலவற்றுக்கும் இதே சாள்சின் பெயரே தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. தோற்ற அரசனொருவனுடைய புதையலுக்கு எல்லையில்லை. பிற்காலத்தில் எந்தப் பெருமணிக்குப் பழமை வேண்டப்பட்டதோ அந்த மணி அவன் கூடாரத்தினின்றும் எடுக்கப்பட்டதாயிற்று.

இரண்டாவது வரலாறு புளோரன்சு ஆவணங்களைத் துணையாகக் கொண்டு பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுவது. இதன்படி, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே விசயநகர அரசரிடமிருந்து போர்த்துக்கேயப் பிரபுவொருவன் கைக்கு வெட்டப்படாத இக்கல் வந்தது. அவன் அதனை உரோமாபுரியிலிருந்த யேசுசபைக் குருமாரிடம் அடைக்கலமாக வைத்தான். ரஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் முதலாம் பேர்டினாந்து நெடுநாட் பேரம்பேசி 35,000 போர்த்துக்கேய ஸ்கூடி கொடுத்து அதனை வாங்கினான். அவன் 1609இல் இறந்தபின், மகன் இரண்டாம் கோசிமோ, புளோரன்சிலே தொழில்புரிந்த வெனிசு நகரத்து மணிவெட்டுநன் பொம்பேயோ ஸ்ருடென்ரோலி என்பவனிடம் கல்லை ஒப்புவித்தான். 1615ஆம் ஆண்டிலே வெட்டுவேலை நிறைவெய்தியது.

இவ்வரலாறு பொருந்துவதற்குப் பொதுவான காரணமொன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலே பிரேசில் நாட்டில் வைரம் கண்டுபிடிக்கப்படும்வரை, போர்ணியோத் தீவினின்று வந்த சிறுதொகை நீங்கலாக, உலகின் வைரமெல்லாம் இந்தியாவிலிருந்தே சென்றது. தென்னாபிரிக்க வைரமோ 1860களுக்குப் பின்னரே அறியப்பட்டது. ஆகவே 1615இல் புளோரன்சில் வெட்டப்பட்ட 137 கரட்டுக் கல் கிருட்டிணா நதிப் பிரதேசத்து மண்ணிலே பிறந்ததென்று கொள்வதே இயல்பு. 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரின்பின் விசயநகர அரசர் தம் பழைய தலைநகரை விட்டுப் பெனுகொண்டாவிலும், பின்னர் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்டனர். பண்டாரம் சிதறிய அக்காலத்திலே அரசமணிகள் கோவைத் துறைமுகத்துப் போர்த்துக்கேயர் கைக்குச் சென்றமை வியப்பன்று.

வெட்டப்பட்ட இவ்வைரத்தை நேரிற் கண்டு எழுதிய முதற் பெருஞ்சான்று தவெணியே என்னும் பிரான்சிய மணிவாணிகர். இந்தியாவுக்குப் பலமுறை சென்று கோல்கொண்டா நாட்டுச் சுரங்கங்களையும் பார்வையிட்டவர் அவர். கொல்லூர்ச் சுரங்கத்திலே ஆண், பெண், சிறுவர் உட்பட அறுபதினாயிரம் பேரளவில் வேலைசெய்தனர் என்று குறித்துள்ளார். 1676இல் வெளிவந்த தம் பயணநூலிலே, தாம் கண்ட பெருவைரங்களின் வரைபடங்களை ஒருங்கே தந்து, ரஸ்கனிக் கோமகனது கல்லின் நிறை 139½ கரட்டு என்றும், நீரோட்டம் எலுமிச்சை நிறத்தைச் சார்ந்தது என்றும் கூறி, விலையும் மதித்தார்.

அவர் விலைமதித்த முறை கவனிக்கற்பாலது. வைரத்தின் விலை நிறையோடு நேராக ஏறுவதன்று; நிறையின் வருக்கத்தோடு ஏறுவது என்பது அக்கால வாணிக விதி. கரட்டு எண்ணை அதே எண்ணாற் பெருக்கி, வரும் தொகையை முதற் கரட்டின் விலையாற் பெருக்கவேண்டும். முகலாயப் பேரரசரின் பெருவைரத்துக்கு முதற் கரட்டு 150 லீவர் எனக் கொண்ட தவெணியே, ரஸ்கனி வைரத்துக்கு மஞ்சள் நிறம் காரணமாக 135 லீவரே கொண்டார். அவர் தந்த மொத்த விலை 26,08,335 லீவர். இத்தொகையை 135ஆற் பிரித்தால் 19,321 வரும். அது 139இன் வருக்கம். முகலாயர் கல்லுக்கு 279 கரட்டுடன் பதினாறில் ஒன்பது பங்கையும் விடாது கணக்கிட்ட அவ்வாணிகர், இங்கே அரைக் கரட்டை விட்டுவிட்டார். அந்த அரைக் கரட்டையும் சேர்த்திருந்தால் விலை பத்தொன்பதினாயிரம் லீவர் மட்டில் ஏறியிருக்கும். கோமகனுக்கு இதனால் நட்டமொன்றுமில்லை; அவன் கல்லை விற்பவனல்லன்.

இனி, எலுமிச்சை நிறத்துக்குக் காரணம் யாது? வைரம் தூய காபன். ஒவ்வொரு காபன் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு இறுகப் பிணைந்து நிற்கும். இத்தகைய தூய பளிங்கு கட்புலனாகும் ஒளியில் எந்நிறத்தையும் உறிஞ்சுவதன்று; ஆதலின் நிறமற்றது. ஆயின் பூமியின் மேற்பரப்புக்கு 150 கிலோமீற்றருக்கும் கீழே, பேரமுக்கத்திலும் பெருவெப்பத்திலும் வைரம் உருவாகும்போது, காபனுக்கு அயலான நைதரசன் அணுக்கள் அதனுட் புகுந்துவிடுகின்றன. இரண்டும் அளவில் ஒத்தன. ஆதலின் நைதரசன் காபனின் இருக்கையிலே எளிதில் அமர்ந்துகொள்கிறது. ஆனால் காபனுக்குப் பிணைப்பில் ஈடுபடும் இலத்திரன்கள் நான்கு; நைதரசனுக்கு ஐந்து. மிஞ்சிநிற்கும் அந்த ஐந்தாவது இலத்திரன் நீலம், ஊதா ஆகிய ஒளிகளை உறிஞ்சுகின்றது. வெள்ளொளியினின்றும் நீலம் கழிந்தால் எஞ்சிக் கண்ணுக்குத் தோன்றுவது மஞ்சளே.

இவ்வாறு நைதரசன் அணுக்கள் தனித்தனியே சிதறியிருக்கும் கற்கள் மிகச் சில. பதினாயிரங் காபன் அணுக்களுக்கு ஒரு நைதரசனேனும் இல்லாதபோதும் அவை ஆழ்ந்த மஞ்சளாகத் தோன்றும். பெரும்பாலான இயற்கை வைரங்களிலோ, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்திற் கிடந்தமையால் நைதரசன் அணுக்கள் மெல்ல நகர்ந்து ஒன்றுகூடிவிடுகின்றன. இரண்டிரண்டாகக் கூடியவை நிறம் தருவதில்லை. மூன்று நைதரசன்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்குமாயின், அவை 415 நனோமீற்றர் அலைநீளமுடைய ஊதாவொளியை உறிஞ்சி, இளமஞ்சள் தொடக்கம் நன்மஞ்சள் வரை நிறந்தருவன. எனவே மஞ்சள் வைரமொன்றின் நிறம் அது நிலத்தடியிலே எத்துணைக் காலம் எத்துணை வெப்பத்தில் இருந்தது என்பதற்கும் ஒருவகைச் சான்றாகும். 1870களின் இறுதியிலே தென்னாபிரிக்காவின் கிம்பளியில் எடுக்கப்பட்டு, 287.42 கரட்டிலிருந்து 128.54 கரட்டாகப் பரிசு மாநகரில் வெட்டப்பட்ட ரிபானி வைரத்தின் பொன்மஞ்சளுக்கும் நைதரசனே காரணம். அங்கே பாதிக்கு மேற்பட்ட நிறையை இழந்தும் ஒளியைப் பெருக்கினர். புளோரன்சிலோ நிறையைப் பேணினர்.

வைரம் காபனே என்னும் உண்மை வெளிப்பட்ட வரலாற்றிலே புளோரன்ரைன் வைரத்தின் உடைமையாளருக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாதது. மூன்றாம் கோசிமோ ஆண்ட காலத்திலே, 1694, 1695 ஆம் ஆண்டுகளில், அவெறானி, தார்ஜொனி என்னும் அறிஞரிருவர் புளோரன்சிலே பெரிய எரிகண்ணாடியொன்றினாற் சூரிய ஒளியைக் குவித்து ஒரு வைரத்தின்மேற் செலுத்தினர். கல் உருகவில்லை, சிறுத்துச் சிறுத்து ஒன்றுமில்லாது மறைந்தது. எதனாலும் வெல்லப்படாதது என்று பண்டையோர் கருதிய பொருள் கண்முன்னே காற்றாய்ப் போயிற்று. மஞ்சட் பெருமணியின் அடுத்த உடைமையாளனாகிய பேரரசன் முதலாம் பிரான்சிசு, 1751ஆம் ஆண்டளவில் வியன்னாவிலே சிறு வைரங்களையும் மாணிக்கங்களையும் ஒருங்கே உலையிலிட்டுப் பெருங்கற்களாக உருக்கிச் சேர்க்க முயன்றான். இருபத்துநான்கு மணிநேரத்தின் பின் திறந்து பார்த்தபோது மாணிக்கங்கள் இருந்தபடியே இருந்தன, வைரங்களைக் காணவில்லை. விஞ்ஞானத்துக்கு இலாபமும் பேரரசனுக்கு நட்டமுமாக முடிந்தது அம்முயற்சி.

1797இல் தெனன்ற் என்னும் ஆங்கில அறிஞர், எரிந்த வைரம் தன் நிறைக்கு நிகரான கரி தரும் அளவான வாயுவையே தருகின்றது என்று காட்டினார். 1814 மார்ச்சு மாதத்திலே அம்பிரி தேவி தம் இளம் உதவியாளரான மைக்கேல் பரடேயுடன் புளோரன்சுக்குச் சென்று, மெடிச்சியர் காலத்து அதே எரிகண்ணாடியினாலே ஒட்சிசன் நிறைந்த கண்ணாடிக் கோளத்துள் வைரத்தை எரித்தார். காபனீரொட்சைட்டையன்றி வேறெதுவும் தோன்றவில்லை. வைரமும் அடுப்புக்கரியும் ஒரே மூலகம் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

மெடிச்சி குலத்தின் இறுதி ஆண்மகன் ஜான் கஸ்தோனே 1737இல் வாரிசின்றி இறந்தான். ஐரோப்பிய வல்லரசுகள் முன்னரே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ரஸ்கனி நாடு லொரெயின் கோமகன் பிரான்சிசு ஸ்தேவானுக்கு உரியதாயிற்று. அவன் முந்திய ஆண்டிலேதான் ஒஸ்திரிய இளவரசி மரியா தெரேசாவை மணந்திருந்தான். இறந்தவனின் தமக்கை அன்னா மரியா லுயிசா புதிய கோமகனோடு ஓர் உடன்படிக்கை செய்தாள். மெடிச்சியரின் ஓவியங்கள், சிலைகள், நூல்கள், மணிகள் முதலியன நாட்டின் அணியாகவும் மக்களின் பயனுக்காகவும் அந்நியர் வந்து காண்பதற்காகவும் புளோரன்சிலேயே இருத்தல்வேண்டும் என்பது அதன் சாரம். இன்று உவிசி மண்டபத்துக்குச் செல்வோர் காணும் கலைச்செல்வமெல்லாம் அப்பெண்மணியின் முன்யோசனையால் எஞ்சியவை. மஞ்சள் வைரத்தை மாத்திரம் அவ்வுடன்படிக்கை காக்கவில்லை. 1743இல் அவள் மறைந்தாள். 1745 ஒக்டோபரில் பிரான்சிசு பிராங்க்போட்டு நகரிலே பேரரசனாக முடிசூடியபோது புளோரன்ரைன் வைரம் அவன் முடியிலே பதிக்கப்பட்டிருந்ததென்பர். அதன்பின் அது ஹப்ஸ்பேர்க் குலத்தின் மணியாயிற்று. முடியினின்றும் நீங்கித் தொப்பி அணியாகி, வியன்னா அரண்மனைத் திருவாபரண மண்டபத்திலே கண்ணாடிப் பெட்டியுள் வைக்கப்பட்டு மக்களாற் காணப்பட்டது.

1918இன் இறுதியில் அப்பேரரசு சிதைந்தது. நவெம்பர் 1ஆம் தேதியளவில், பேரரசர் முதலாம் காளின் பணிப்பின்பேரில், அரண்மனைத் தலைமை அதிகாரியாயிருந்த பேர்க்தோல்ட் பிரபு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து குடும்ப நகைகளை எடுத்துச் சுவிற்சலாந்துக்கு அனுப்புவித்தார். பத்து நாட்களின் பின், நவெம்பர் 11இல், காள் ஆட்சியலுவல்களினின்றும் விலகினார். 1919 மார்ச்சிலே குடும்பத்தோடு நாட்டைவிட்டு அகன்றார். 1921இல் ஹங்கேரி அரியணையை மீட்க இருமுறை முயன்று தோற்று, மதீராத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1922 ஏப்பிரல் 1இல் தமது முப்பத்துநான்காம் வயதிலே அங்கே காலமானார். அவர்தம் மனைவி சீற்றா அப்போது எட்டாவது குழந்தையைக் கருவுற்றிருந்தார்.

வைரம் என்னவாயிற்று? இவ்வினாவுக்கு விடையாக எழுந்த கதைகள் பல. நாடிழந்த குடும்பத்தின் நகை விற்பனையைக் கவனித்துவந்த புறூனோ ஸ்ரைனர் என்பவர் அதனை அபகரித்துக்கொண்டு மறைந்தார் என்றும், அது தென்னமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டதென்றும், 1920களில் ஐக்கிய அமெரிக்காவிலே வெட்டிச் சிறிதாக்கி விற்கப்பட்டதென்றும் மணிநூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின. 1981இல் ஜெனீவா ஏலத்துக்கு வந்த பெரிய மஞ்சள் வைரமொன்று புளோரன்ரைனின் எச்சமாயிருக்கலாமென்று ஊகித்தோருமுண்டு. நூல்களிலே இடம்பெற்ற ஊகம் அடுத்த நூலிலே செய்தியாகி, அதற்கடுத்த நூலிலே வரலாறாகிவிடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

2025 நவெம்பரில் ஹப்ஸ்பேர்க் குடும்பத்தின் இன்றைய தலைவர், கடைசிப் பேரரசரின் பேரன் காள், உண்மையை வெளியிட்டார். கல் தொலையவுமில்லை, வெட்டப்படவுமில்லை. 1940 மே மாதத்திலே ஜேர்மன் படைகள் பெல்சியத்தினுட் புகுந்தபோது, அங்கு அடைக்கலம் பெற்றிருந்த சீற்றா தம் பிள்ளைகளோடு பிரான்சு, ஸ்பெயின், போர்த்துக்கல் வழியாகத் தப்பி அமெரிக்கா சேர்ந்து, பின் கனடாவின் கியூபெக்கு மாகாணத்திலே குடியேறினார். அவர் கையிலிருந்த சிறு பெட்டியினுள்ளே புளோரன்ரைனும் ஏனை நகைகளும் இருந்தன. அங்குள்ள வங்கியொன்றின் காப்பறையில் அவற்றை வைத்த அவ்வம்மையார், இரகசியத்தைத் தம் புதல்வர் றொபேட்டு, ருடோல்பு இருவருக்கு மாத்திரம் சொல்லி, கணவர் இறந்து நூறாண்டு கழியும்வரை வெளியிடலாகாது என்று பணித்தார். போர் முடிந்தபின் அவர் ஐரோப்பா திரும்பினார்; கல் திரும்பவில்லை. 1989இல் அவர் மறைந்தபோதும், பின்னர் அப்புதல்வர் இருவரும் மறைந்தபோதும் இரகசியம் காக்கப்பட்டது. குடும்பத் தலைவரான காளுக்கே வெகுகாலம் இது தெரியாது. தந்தையர்வழி இரகசியத்தைப் பெற்ற ஒன்றுவிட்ட சகோதரர் கூறியே அறிந்தார். வியன்னாவில் ஹப்ஸ்பேர்க் அரசவைக்கு நகைசெய்த கியோகேட்டு குடும்பத்தைச் சேர்ந்த மணிவல்லுநரொருவர் கல்லைப் பார்வையிட்டு, அது புளோரன்ரைனே என உறுதிசெய்தார். அதன் ஒழுங்கற்ற ஒன்பது பக்கமும் பழைய பட்டைகளுமே அதற்கு அடையாளம். வேறெந்தக் கல்லும் அவ்வுருவத்தில் இல்லை.

இதனால் விளைந்த பயன் மணி கிடைத்தமை மாத்திரமன்று. இவ்வைரத்தைத் திருடினாரென ஒருவரது பெயரை நூறாண்டாக நூல்கள் சுமத்திவந்த பழி, இவ்வைரத்தைப் பொறுத்தவரை அடிப்படையற்றதாயிற்று. அவரோ அதனை அறிய உயிரோடில்லை. இரகசியம் காத்தோருக்கு நாசிகளிடமிருந்தும் பிறரிடமிருந்தும் கல்லைக் காக்கும் கடப்பாடு இருந்தது என்பது மெய்யே. ஆயினும் அம்மௌனத்தின் விலையை வேறொருவர் செலுத்தினார் என்பதையும் மறத்தல் தகாது.

உரிமைபற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. 1737ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மெடிச்சி மணிகள் புளோரன்சுக்கு உரியன என்று இத்தாலி முதலுலகப் போரின்பின் வாதாடியது. 1919ஆம் ஆண்டுச் சான் ஜெர்மன் சமாதான உடன்படிக்கையிலே, ரஸ்கனியினின்று வியன்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அரசமணிகளைப் பற்றிச் சட்டவறிஞர் குழு ஆராயவேண்டுமென ஒரு பிரிவே அமைந்தது. ஒஸ்திரியக் குடியரசோ 1919 ஏப்பிரலில் இயற்றிய ஹப்ஸ்பேர்க் சட்டத்தினால் அரசவைக்கும் குலத்துக்கும் உரிய சொத்துக்களைத் தனதாக்கிக்கொண்டது. தனியார் சொத்தை மாத்திரம் விலக்களித்தது. ஆதலின் 1918 நவெம்பரில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட கல் குலச்சொத்தா, தனிச்சொத்தா என்பதே வினா. தனிச்சொத்து என்பர் குடும்பத்தார். பிரான்சிசு ஸ்தேவான் ரஸ்கனியின் கோமகனாகப் பெற்றதை அந்நாட்டின் பொருளாகக் கொள்வதா, அவன் வழித்தோன்றல்களின் பொருளாகக் கொள்வதா என்னும் பழைய ஐயமே இருநூற்றெண்பது ஆண்டுக்கு மேற் கழித்தும் மீண்டும் எழுகின்றது. விசயநகரத்தார் கையினின்றும் அது எவ்வாறு நீங்கியது என்பதை இவ்வழக்குகளில் எவரும் வினவியதில்லை.

கல்லை விற்கும் நோக்கமில்லையென்றும், துன்பக் காலத்தில் அடைக்கலம் தந்த கனடாவுக்கு நன்றியறிதலாக அந்நாட்டு நூதனசாலையொன்றிலே அதனைக் காட்சிக்கு வைக்க விரும்புவதாகவும் குடும்பத்தார் அறிவித்தனர். அச்செய்தி வெளியாகிய சில நாட்களுள், வைரம் குடியரசின் சொத்தாகுமா என்பதை ஆராயவேண்டும் என்னும் குரல் ஒஸ்திரிய அரசாங்கத்தினுள்ளிருந்தே எழுந்தது.